மிளகாயின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் மிளகாய் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அன்றைக்கு என் நாத்தனார் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்தார். என் கணவருக்கு நேர் மூத்தவர். தம்பி நான்கு மாதமாக இருமிக்கொண்டிருக்கிறான் என்று போனில் கேட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பை நிறையக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாம்மா இவன் இப்படி எளச்சிக் கெடக்குறான்? எவ கண்ணு பட்டுச்சோ தெரியலியே" என்றார்.

நான் அரசுப் பள்ளி ஒன்றின் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் கரண்டி பிடித்தவள். கண் பட்டது, காற்றுப் பட்டது என்பதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆனால் நாத்தனாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமும் இல்லை. அவர் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். ஏழு வரமிளகாய், ஒரு பிடி கல்லுப்பு, தெருவிலிருந்து கொஞ்சம் காலடி மண். தம்பியைக் கிழக்குப் பார்க்க உட்காரவைத்து வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்று சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, பின்கட்டில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டார்.

மிளகாய் எரிந்தும் நெடி வரவில்லையென்றால் கண் பட்டிருக்கிறது, அது கழிந்துவிட்டது. நெடி அடித்தால் கண் எதுவும் இல்லை. இதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. அன்றைக்கு அடித்த நெடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட ஜன்னலைச் சாத்தினார்கள். நானும் நாத்தனாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம். ஐந்து நிமிஷத்தில் எங்களுக்குச் சரியாகிவிட்டது. என் கணவருக்கு ஆகவில்லை. துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் இருமினார். உதடு கறுத்துப்போய்விட்டது.

"கண்ணு இல்ல போலிருக்குதே" என்று நாத்தனார் குழம்பி நின்றார்.

நான் குழம்பவில்லை. அடுப்பில் கரிந்து கிடந்த மிளகாயையும் பார்த்தேன், இருமுகிற கணவரையும் பார்த்தேன். கண் இல்லையென்றால் மிளகாய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எதிரி யார் என்று தெரிந்துவிட்ட நிம்மதி இருக்கிறதே, அது எனக்கு அன்றைக்குப் பூரணமாகக் கிடைத்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் கணவருக்குக் காரம் என்றால் உயிர். மத்தியானச் சாப்பாட்டில் நெற்றியில் வேர்வை வரவில்லையென்றால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பார். கூழுக்குப் பச்சை மிளகாயை உப்பில் தொட்டுக் கடிப்பார். நான் கொஞ்சம் கை அடக்கிப் போட்டால் போதும், "என்னா, ஸ்கூலு புள்ளைங்களுக்கு வச்ச சாம்பார இங்க தூக்கிக்கிட்டு வந்துட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவார். வருஷா வருஷம் பங்குனி வெயிலில் குழம்புத்தூளுக்கு மிளகாய் எடுப்பது அவர் வேலை. காரத்துக்கு நீட்டு மிளகாய், வாசனைக்குக் குண்டு மிளகாய். கடையில் ஒவ்வொன்றாகக் காம்பைப் பார்த்து, விதை ஆடுகிறதா என்று காதருகே ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரர் பொறுமையிழந்துவிடுவார். நான் இன்னொரு கடைக்கு வந்தவள் மாதிரி தள்ளி நின்றுகொள்வேன்.

மருந்தும் அவருக்கு அதுதான். சளி பிடித்தால் மிளகாய் கிள்ளிப்போட்ட ரசம் ஒரு டம்ளர், சுடச்சுட. மூக்கும் கண்ணும் ஒழுகி முடித்ததும் தலை லேசாகிவிட்டது என்பார். முழங்கால் வலித்தால் நல்லெண்ணெயில் வரமிளகாயைக் கறுக்கக் காய்ச்சி, ஆறவைத்துத் தேய்ப்பார். தேய்த்த கையைக் கழுவ மறந்து கண்ணைக் கசக்கி, வீடு முழுக்க ஆட்டம் போட்ட கதையும் உண்டு. மருந்துக் கடையில் மூட்டுவலிக்குக் கொடுத்த களிம்பிலும் மிளகாய்ச் சத்துதான் இருக்கிறது என்று கடைப் பெண் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வாரத்துக்குத் தானே டாக்டர் என்கிற மாதிரிதான் என்னைப் பார்த்தார்.

அவருக்கு வேலை பீங்கான் ஷெட்டில். எங்கள் ஊரில் அந்த வேலை செய்யாத தெரு இல்லை. அகல் விளக்கு, பொம்மை, கரண்டுக்குப் போடும் ஃபியூஸ் கட்டை என்று எதையாவது வார்த்துக்கொண்டே இருப்பார்கள். மற்றவர்கள் அச்சு முன்னால் உட்கார்ந்திருக்க, இவருக்கு மாவுப் பக்கம் வேலை. வெள்ளைக் கல்லை அரைத்த மாவு மூட்டையில் வரும். பிரித்துக் கொட்டி, சலித்து, களிமண்ணோடு கலக்க வேண்டும். சாயங்காலம் வந்து நின்றால் புருவமும் கண் இமையும் வெளுத்திருக்கும். "வாசல்லியே ஒதறிட்டு வாங்க, இப்பதான் வூடு தொடச்சேன்" என்று கத்துவேன். சட்டையைக் கழற்றி உதறுவார். உதறியதை நான் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவேன். அந்த மாவுக்கு எறும்பு வராது என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன். எத்தனையோ வருடம் கூட்டியும் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நெடி அடித்த மறுநாளே வீட்டில் இருந்த குழம்புத்தூளை டப்பாவோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் மங்கலம்பேட்டையில் பிறந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். "அண்ணனுக்கு ஒத்துக்கலைன்னா சரிக்கா, ஆனா இத்தினி நல்ல தூள யாராவது குடுப்பாங்களா?" என்று தயங்கித் தயங்கித்தான் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மிளகுதான். மிளகுக் குழம்பு, மிளகு ரசம், இஞ்சித் துவையல், தேங்காய்ப்பால் விட்ட கூட்டு. இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த திமிர் எனக்கு. எந்த நோயும் வாய் வழியாகத்தான் வருகிறது, வாயை அடக்கினால் போய்விடும் என்று நினைத்தேன். வீட்டோடும் நிறுத்தவில்லை. கல்யாணப் பந்தியில் அவர் இலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவருக்குக் காரம் ஆவாதுங்க, தயிரு ஊத்துங்க" என்பேன். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனால், முதல்நாளே போன் போட்டுச் சொல்லிவிடுவேன். ஆறே மாதத்தில் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவர் போய் உட்கார்ந்தாலே தனிக் கிண்ணம் வரும். சந்தனம் பூசிய மாதிரி வெளுத்த கூட்டை அவர் பேசாமல் பிசைந்து சாப்பிடுவார்.

நான் செய்தது பலித்த மாதிரியும் தெரிந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. கார்த்திகை தீபம் முடிந்தால் அகல் விளக்கு வேலை படுத்துவிடும். அந்த வருடம் தீபத்துக்குப் பிறகு ஒன்றரை மாதம் ஷெட்டில் ஆள் குறைத்து, இவர் வீட்டில்தான் இருந்தார். இருமல் பாதியாகக் குறைந்தது. நன்றாகத் தூங்கினார். நான் தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். வேலை இல்லாமல் வீட்டில் இருந்ததால் குறைந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பொங்கலுக்குப் பின் வேலை சூடு பிடித்தது, இருமலும் திரும்பி வந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைச் சந்தேகப்பட்டேன்.

"வெளியில எங்க தின்னீங்க?" என்று தினம் கேட்பேன். டீக்கடையில் மசால்வடை, ஷெட்டில் யாராவது கொண்டுவந்த ஊறுகாய், எதுவாக இருந்தாலும் எனக்கு வாக்குமூலம் வேண்டும். இல்லை என்றால் நம்ப மாட்டேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஒரு கடையோரமாக அவர் நின்றிருந்தார். கையில் பேப்பர், பேப்பரில் மிளகாய் பஜ்ஜி. பாதி கடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. அதை நான் அப்போது சந்தோஷமாகப் பார்க்கவில்லை. திருட்டாகப் பார்த்தேன்.

"செத்துப் போவணும்னு இருக்குதா உங்களுக்கு?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வாயைத் துடைத்துக்கொண்டார். மீதியை அங்கிருந்த தொட்டியில் போட்டார். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அவர் வெளியே காரம் சாப்பிட்டதே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

துபாயிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் லீவில் வந்தது அடுத்த வருடம். வாசனைச் சோப்பு, பேரீச்சம்பழத்தோடு எங்களுக்கென்று ஒரு மாத்திரை டப்பாவும் வாங்கி வந்திருந்தார். இவர் இருமலைக் கேள்விப்பட்டு அக்கறையாக வாங்கியது. சளியை முறிக்கும், ரத்த ஓட்டத்துக்கு நல்லது, அங்கே வெள்ளைக்காரர்கள் தினம் போடுகிறார்கள் என்று அந்தப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். டப்பாவின் மேல் சிவப்பாக, நீளமாக மிளகாய்ப் படம்.

என் கணவர் ஒரு குளிகையை எடுத்து இரண்டாகத் திருகி, உள்ளே இருந்த தூளை உள்ளங்கையில் கொட்டினார். நாக்கு நுனியால் தொட்டார். உதட்டைச் சப்பிப் பார்த்தார்.

"மொளகாத்தூள் தாம்மா. நம்ம வூட்டுத் தூளுல பாதி காரங்கூட இல்ல" என்றார்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். "சோத்துல போட்டா வெசம், உறையில போட்டா மருந்தா? நல்ல ஞாயமா இருக்குதே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். முதுகு மேலும் கீழும் போய்வந்தது. நான் டப்பாவைப் பிடுங்கி அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன். நாக்கில் பட்ட அந்தத் துளித் தூள்தான் காரணம் என்று அவளிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம், அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

நல்லது செய்கிற பொருளா, கெட்டது செய்கிற பொருளா என்று உலகம் முழுக்க மிளகாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் போனில் இரண்டு பக்கமும் வீடியோ வரும். வயிற்றைப் புண்ணாக்கும் என்பார் ஒருவர், மாரடைப்பே வராது என்பார் இன்னொருவர். நான் எனக்குத் தோதானதை மட்டும் பார்ப்பேன். அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்பார்.

மிளகாய் நின்று மூன்று வருடம் ஆனபோது அவரால் ஷெட்டிலிருந்து வீடு வரை நடக்க முடியவில்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எனக்கு மகள் வயதுதான் இருக்கும். படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன வேலைம்மா பாக்குறாரு?"

"பீங்கான் ஷெட்டுல. கல்லு மாவு கலக்குறாரு."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலேருந்து" என்றார் அவர்.

அவள் படத்தைக் கீழே வைத்தாள். கல் தூசி நுரையீரலில் போய்ப் படிந்து படிந்து, உள்ளே தழும்பு தழும்பாக இறுகிவிட்டது என்றாள். அதை எடுக்க முடியாது, இனிமேல் அந்த வேலைக்குப் போகக் கூடாது, முன்னாலேயே நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றாள். அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். என்ன கேட்பதென்று தெரியாமல், மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"டாக்டர், மொளகா சாப்புடலாங்களா இவரு?"

அவளுக்குப் புரியவில்லை. "தாராளமா சாப்பிடட்டும்மா. புகையில நெடியில நிக்க வேணாம், அவ்வளவுதான். மிளகாய் என்ன பண்ணுச்சு?" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். நெய்வேலி தாண்டும் வரைக்கும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அப்ப மூணு வருசம் சும்மாவா?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். நான் பஸ்ஸிலேயே அழுதேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வுடு, நீ நல்லதுக்குத்தான செஞ்ச" என்றார். நல்லதுக்குச் செய்ததுதான். மூன்று வருடம் நான் அடுப்பங்கரையில் வேவு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மாவு அவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. மூன்று வருடமும் வாசலில் அதைக் கூட்டித் தள்ளியதும் நான்தான்.

ஊருக்கு வந்ததும் நீட்டு மிளகாயும் குண்டு மிளகாயும் வாங்கிவந்தேன். காயவைத்து, வறுக்காமலே மிஷினில் கொடுத்து அரைத்தேன். அடுப்பில் எண்ணெய் வைத்துத் தாளித்த உடனே உள்ளே அவர் மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். முன்பு வெறும் இருமலாக இருந்தது இப்போது உயிரைப் பிடித்து இழுத்தது. அதனால் மறுநாள் பக்கத்து வீட்டில் போய்க் குழம்பு வைத்தேன். அந்தப் பெண் பழைய சண்டையை மனதில் வைத்துக்கொள்ளாமல் அடுப்பை ஒழித்துக் கொடுத்தாள். மூடி எடுத்துவந்த காரக்குழம்பை ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். மூக்கு நுனியில் வேர்வை வந்தது. மூன்றாவது வாய்க்குப் புரையேறிவிட்டது. இருமித் துப்பக்கூட அவருக்குத் தெம்பில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு நெடுநேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குது. ஆனா முடியல. நீ பழையபடியே வச்சிடு" என்றார்.

மிளகாய்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகு, அவருக்கு அது நிஜமாகவே ஆகாமல் போய்விட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஷெட்டில் மூச்சுக் கோளாறு என்று மட்டும் சொல்லி வேலையை விட்டார். தூசிதான் காரணம் என்று அங்கே சொன்னீர்களா என்று கேட்டேன். "அவனவனுக்கு அடுப்பு எரியணும். நான் போயி பயமுறுத்தவா?" என்றார். அது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வற்புறுத்தவில்லை. அவர் சொல்லாமல் இருப்பது எனக்கும் வசதியாக இருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "நீ பத்தியமா பாத்துக்கிட்டதாலதான் மனுசன் இத்தினி நாளு ஓட்டிக்கிட்டு இருக்குறாரு" என்பார்கள். இல்லை என்று சொல்ல வாய் வரவேண்டுமே. வரவில்லை.

அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, ஷெட்டில் அவரோடு மாவு கலக்கிய ஒருவர் தன் மனைவியோடு பார்க்க வந்தார். இவரைவிடப் பத்து வயது இளையவர். உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். அவர் போனார். வராந்தாவில் அவர் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து, "இவருக்கும் ரெண்டு மாசமா வறட்டு இருமலுக்கா. நீங்க அண்ணனுக்கு என்னா செஞ்சீங்க?" என்று கேட்டாள். எதிரே என் தங்கையும் இன்னும் இரண்டு சொந்தக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பதில் சொல்லும் முன்பே என் தங்கை, "அக்கா மொளகாயையே நிறுத்திட்டாங்க. அதான் இத்தினி வருசம் காப்பாத்துனாங்க" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போதாதென்று மிளகு ரசம் வைக்கும் விதம்கூடச் சொன்னேன்.

என் கணவர் அதற்குப் பத்து நாள் கழித்துப் போய்விட்டார். காலையில் காப்பி குடித்துவிட்டுப் படுத்தார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு ஆள் வைத்துச் சமைத்தோம். படையலுக்கு மட்டும் நாத்தனார் தன் கையால் செய்தார். தலைவாழை இலையில் அவர் பரிமாறிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். மிளகுக் குழம்பு, மிளகு ரசம், வெளுத்த கூட்டு, பொரியல். எதிலும் ஒரு சிவப்பு இல்லை. "என் தம்பிக்குன்னு ஒரு மொளகாகூட கிள்ளிப் போடல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும். அந்த இலையைப் பார்க்க என்னால் முடியவில்லை. சமையல் செய்த இடத்துக்குப் போய் வறுத்த மிளகாயை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன். இலையில் வைக்கப் போன கையை நாத்தனார் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இரு" என்றார் அடிக்குரலில். "எல்லாம் எனக்குத் தெரியும். போன தடவ நான் வந்தப்ப சொல்லிட்டான். 'படையல்ல மொளகா வச்சிடாதக்கா, பத்தியம் சும்மான்னு தெரிஞ்சி அவள ஊரு பேசும்'னான். அவன் சொன்னபடி வுட்டுடு."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது என்மேல் எரிந்து விழுந்திருக்கலாம். அதைச் செய்யாமல், செத்த பிறகு சாப்பிடுகிற சாப்பாட்டைக்கூட எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்படியே படைத்தோம். கும்பிட்டோம். அத்தோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

பந்தி போட்டார்கள். நான் உள்ளே கதவோரமாக உட்கார்ந்திருந்தேன். முதல் வரிசையில் அந்த மாவு கலக்குபவரும் மனைவியும் இருந்தார்கள். உட்கார்ந்ததிலிருந்து அவர் இருமிக்கொண்டே இருந்தார். சட்டைக் காலரின் மடிப்பில் வெள்ளை. குழம்பு வாளி வந்ததும் அவர் மனைவி இலையின் மேல் கையை மறித்தாள்.

"அவருக்கு ஊத்தாதீங்க, காரம் ஆவாது. அந்த அக்கா சொன்னதுலேருந்து நிறுத்திட்டோம்" என்று என்னைக் காட்டினாள். நம்பிக்கையோடு சிரித்தாள்.

நான் எழுந்தேன். நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. அவர் தம்பியின் சொல் பெரிதுதான். ஆனால் என் கால் நிற்கவில்லை. அந்தப் பந்திக்கு நடுவில் போய், தாலி இல்லாத கழுத்தோடு, எல்லோரும் பார்க்கச் சொன்னேன்.

"நான் சொன்னது தப்பும்மா. இவருக்குக் காரம் ஆவும். மொளகாயால எங்க வூட்டுக்காரரு சாவல. உங்க ஷெட்டு மாவு நெஞ்சுல கட்டிச் செத்தாரு. டாக்டரு சொல்லி எனக்கு ஒன்றர வருசமாத் தெரியும். ஆஸ்பத்திரியில நீ கேட்டப்பவும் தெரியும். மானத்துக்குப் பயந்துக்கிட்டு சொல்லாம இருந்துட்டேன். நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போயி இவருக்குப் படம் எடு."

பரிமாறுகிறவர் வாளியோடு நின்றார். யாரும் சாப்பிடவில்லை. என் தங்கை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் என் முகத்தையும் தன் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கணவர் மட்டும் இலையைப் பார்த்தபடி இருந்தார். இருமல் ஒருமுறை வந்து அடங்கியது. பிறகு தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டார்.

"அப்ப, வேலய வுடணுமாக்கா?"

அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மிளகாயை விடு என்று எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை வாய் கூசாமல் சொன்னவள் நான். அவர் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்ல எனக்கு வெகு நேரம் ஆயிற்று.